நாற்சக்கர இயக்க வண்டிகளில் தேய்ந்த வில்-புஷ்களை மாற்றும் முறை

செப்பனிட்ட சாலை முடிவடையும் இடத்தில்தான் கள ஊழியரின் பணி பெரும்பாலும் தொடங்குகிறது. நிலவியல் ஆய்வு, வனப் பாதுகாப்பு, கால்நடை மருத்துவம், தடுப்பூசி போடுதல் ஆகிய எப்பணியாயினும், கடைசிப் பத்துக் கிலோமீட்டர் தூரம் வண்டித் தடத்திலோ ஆற்று மணலிலோ கழிகிறது. இத்தகைய பயணத்திற்கு நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசையைச் செலுத்தும் வண்டியே ஏற்றது. 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிச் சேர்க்கும் தொழில் ஏற்பட்டது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், ஜீப் வண்டி வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1985-இல் மாருதி ஜிப்சி வெளிவந்தது. வடிவமும் எஞ்சினும் காலத்திற்கேற்ப மாறினும், இவ்வண்டிகள் யாவும் கரடுமுரடான தடத்தின் அதிர்ச்சியை ஏற்கும் பொறுப்பை மிகச் சிறிய ஓர் உறுப்பிடமே ஒப்படைத்துள்ளன. அவ்வுறுப்பே புஷ் எனப்படும் ரப்பர் உருளை.

விலையில் மிகக் குறைந்த பொருள் இது. எனினும் இது தேய்ந்த வண்டி மலைச் சாலையின் வளைவில் ஓட்டுநர் திருப்பிய வழியே முற்றிலும் செல்வதில்லை. பிரேக் போடும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது. தேய்வை மேலும் கவனியாது விட்டால் போல்ட்டும், வில்லின் கண்ணும் தேய்ந்து, ஒரு நாள் அச்சு தன் இடத்தை விட்டு விலகிவிடவும் கூடும். ஆகையால் புஷ்ஷின் தன்மை, அதன் தேய்வை அறியும் வழி, அதனை மாற்றும் முறை ஆகியவற்றைக் கள ஊழியர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஆசிரியர்களுக்கும் இப்பொருள் பயன்படும். நெம்புகோல், முறுக்கம், மீள்சக்தி, உராய்வு ஆகிய பாடங்கள் அனைத்தும் இச்சிறு உருளையில் அடங்கியுள்ளன.

புஷ் இருக்கும் இடமும் அதன் வேலையும்

ஜீப், ஜிப்சி போன்ற வண்டிகளில் முன்னச்சும் பின்னச்சும் பட்டை வில்களின் மேல் அமைந்துள்ளன. பட்டறைகளில் இதனைப் பட்டை ஸ்பிரிங் என்பர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளின் நடுப்பகுதி, யு-போல்ட்டுகளால் அச்சுடன் பிணைக்கப்பட்டுள்ளது. முதற்பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். இவ்வளையத்திற்குக் கண் என்று பெயர்.

ஒரு முனையின் கண், வண்டியின் சட்டத்திலுள்ள தாங்கியில் ஒரு போல்ட்டினால் நிலையாகப் பூட்டப்பட்டுள்ளது. மறுமுனையை அவ்வாறு பூட்டுதல் இயலாது. ஏனெனில், வளைந்திருக்கும் வில் பாரத்தினால் தட்டையாகும்போது அதன் இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரம் அதிகரிக்கிறது. அவ்வதிகரிப்புக்கு இடம் கொடுப்பதற்காக மறுமுனை, ஷாக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்பின் வழியாகச் சட்டத்துடன் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே ஒவ்வொரு வில்லிலும் மூன்று இடங்களில் புஷ் தேவைப்படுகிறது: நிலைத்த கண்ணில் ஒன்று, ஆடும் கண்ணில் ஒன்று, ஷாக்கிள் சட்டத்துடன் சேரும் இடத்தில் ஒன்று. நான்கு வில்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு இடங்கள் ஆகின்றன. சில வண்டிகளில் ஒவ்வோர் இடத்திலும் இருபுறத்திலிருந்தும் செருகும் இரு பாதிகளாகப் புஷ் அமைந்திருப்பதால், வாங்கவேண்டிய எண்ணிக்கை இருமடங்காகும்.

பட்டை வில் வண்டியின் பாரத்தைத் தாங்குவதுடன் நின்றுவிடுவதில்லை. சக்கரம் தரையை உந்தும் விசையும், பிரேக்கின் இழுப்பும் வில்லின் வழியாகவே சட்டத்தை அடைகின்றன. ஓர் உதாரணம் காண்போம். 1500 கிலோகிராம் பொருண்மையுள்ள வண்டியின் வேகம், பிரேக் போட்டதும் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். அதற்கு வேண்டிய மொத்த விசை 1500-ஐ 5-ஆல் பெருக்கிய 7500 நியூட்டன். இதனை நான்கு வில்களும் சமமாகப் பகிர்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 1875 நியூட்டன் வருகிறது. இது ஏறத்தாழ 190 கிலோகிராம் எடைக்குச் சமம். உண்மையில் பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன் வில்களின் பங்கு இதனினும் மிகுதி. இவ்விசை முழுவதையும் வில்லின் நிலைத்த கண்ணிலுள்ள புஷ்ஷே ஏற்கிறது.

ரப்பர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?

இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுப்பாகி, குளிரில் விறைத்துவிடும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறைகள் நீங்குவதை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்து, 1844-இல் காப்புரிமை பெற்றார். இவ்வாறு பதப்படுத்திய ரப்பரே புஷ்களுக்கும் டயர்களுக்கும் ஆதாரம். செயற்கை ரப்பர் வகைகள் பல தோன்றிய பின்னரும், இடைவிடாமல் வளைந்து நிமிரும் உறுப்புகளுக்கு இயற்கை ரப்பர் இன்றும் சிறந்ததாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் இதன் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்தில் உள்ளது.

ரப்பரின் இரு குணங்கள் இங்கு நமக்கு முக்கியமானவை. முதலாவது, அதன் வடிவத்தை மாற்றுதல் எளிது. ஆனால் அதன் கன அளவைக் குறைத்தல் மிகக் கடினம். நான்கு புறமும் அடைக்கப்பட்ட ரப்பரை அழுத்தினால், பிதுங்குவதற்கு இடமின்றி அது விறைப்பாக எதிர்க்கிறது. அதே ரப்பரை முறுக்கினால் எளிதில் இணங்குகிறது. புஷ்ஷுக்கு வேண்டியது இதுவே. நேர்க்குத்தான பாரத்தை அது உறுதியாகத் தாங்கவும் வேண்டும். வில்லின் கண் திரும்புவதற்கு இணங்கவும் வேண்டும். இரண்டாவது குணம், அது அதிர்வின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றி அழித்துவிடுவது. சக்கரத்தின் நடுக்கமும் ஒலியும் சட்டத்தை அடையாமல் குறைவதற்கு இதுவே காரணம்.

இங்குப் பலரும் தவறாக எண்ணும் ஒரு செய்தியைத் தெளிவாக்க வேண்டும். ரப்பர் புஷ் கதவின் கீல்போல் வழுக்கிச் சுழல்வதில்லை. அதன் நடுவிலுள்ள எஃகுக் குழாய், போல்ட் இறுக்கப்படும்போது தாங்கியின் இரு சுவர்களுக்கிடையே அசையாமல் பிடிபடுகிறது. வெளிப்புறம் வில்லின் கண்ணில் இறுகியிருக்கிறது. வில் அசையும்போது இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள ரப்பர் முறுக்கப்பட்டு, மீண்டும் தன்னிலை அடைகிறது. வழுக்கல் இல்லாததனால் இதற்கு எண்ணெயோ கிரீஸோ தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமன்று. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, மென்மையாகி, வலிவிழந்துவிடும். புஷ்ஷில் ஒலி கேட்டவுடன் கிரீஸ் தடவும் வழக்கம் நோயை வளர்க்கும் மருந்தாகவே முடிகிறது.

எனினும் எல்லாப் புஷ்களும் ஒரே வகையின அல்ல. வில்லிஸ் வகைப் பழைய ஜீப்புகளில் ஷாக்கிள் உள்ள முனையில் மரையிட்ட உலோகப் புஷ்கள் உண்டு. அவை உலோகத்தின்மேல் உலோகமாகச் சுழல்வதால் அவற்றிற்குக் கிரீஸ் கட்டாயம் வேண்டும். அதற்கென நிப்பிளும் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் சிலவற்றின் மரை இடப்புரியாக வெட்டப்பட்டிருப்பதனையும் நினைவிற்கொள்ள வேண்டும். இதை அறியாமல் வழக்கமான திசையில் வலிந்து திருப்பினால் மரை சிதைந்துவிடும். மூன்றாவது வகை, பாலியூரித்தேன் என்னும் பொருளாலானது. இது எண்ணெயினால் எளிதில் கெடுவதில்லை, தேய்வதும் மெதுவாகவே. ஆனால் இது பெரும்பாலும் உட்குழாயின்மேல் வழுக்கிச் சுழல்வதால், உடன் வழங்கப்படும் சிலிக்கோன் கிரீஸை இட்டே பூட்ட வேண்டும். வண்டியின் அதிர்வும் சற்று மிகுதியாகத் தெரியும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் தம் வண்டியிலுள்ளது எவ்வகை என்பதைக் கைந்நூலைப் பார்த்து உறுதிசெய்தல் முதற்கடமை.

தேய்வை அறிதல்

ரப்பரைக் கெடுப்பவை பல. காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. கசியும் எஞ்சின் எண்ணெய் அதனை ஊதச் செய்கிறது. சேறும் மணலும் புகுந்து அரைக்கின்றன. அளவுக்கு மீறிய பாரம் அதனை ஓயாமல் பிதுக்குகிறது. இவையனைத்தும் சேர்ந்து, பல இலட்சம் முறை முறுக்கப்பட்ட ரப்பரைக் கிழித்துவிடுகின்றன.

ஓட்டும்போது தோன்றும் அறிகுறிகளாவன: வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் அடியில் 'டொக்' என்னும் ஒலி, நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்தவேண்டிய நிலை, பிரேக் போட்டால் ஒரு பக்க இழுப்பு, டயர்கள் ஒரே சீராகத் தேயாமை. இவ்வறிகுறிகள் வேறு குறைகளாலும் தோன்றக்கூடும். ஆதலால் பின்வரும் மூன்று சோதனைகளாலும் உறுதிசெய்ய வேண்டும்.

முதற்சோதனை, கண்ணால் காண்பது. புஷ்ஷின் விளிம்பைத் துடைத்து, விளக்கொளியில் பார்க்க வேண்டும். மேலோட்டமான நுண்வெடிப்புகள் அச்சத்திற்குரியன அல்ல. ஆழ்ந்த பிளவு, ஒரு பக்கமாகப் பிதுங்கிய ரப்பர், கண்ணின் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் போல்ட், உலோகம் உரசிய பளபளப்பு, துருப்பொடி ஆகியவை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டதைக் காட்டும்.

இரண்டாம் சோதனை, நெம்பிப் பார்ப்பது. வண்டி தரையில் நிற்கையில், கண்ணுக்கும் தாங்கிக்கும் நடுவே ஒரு சிறு நெம்புகோலைக் கொடுத்து மெல்ல அசைக்க வேண்டும். நல்ல புஷ் சிறிது இணங்கி உடனே திரும்பும். கெட்ட புஷ்ஷில் கண் தடையின்றி நகர்ந்து, உலோகத்தில் இடிக்கும்.

மூன்றாம் சோதனை, அச்சின் நிலையை அளப்பது. சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்தும் கொத்தனார் உபயோகிக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளியிட வேண்டும். இடப்புறத்து முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் உள்ள தூரத்தையும், வலப்புறத்தின் அதே தூரத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் சமமாக இல்லையெனில் ஓர் அச்சு கோணலாகியுள்ளது. வில்கள் இரண்டும் ஒன்றற்கொன்று 1 மீட்டர் தூரத்தில் இருக்க, ஒரு பக்கம் மட்டும் 5 மில்லிமீட்டர் பின்னடைந்தால், அச்சு திரும்பிய கோணம் 1000-இல் 5 பங்கு ரேடியன்; அஃதாவது ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயினும் அச்சக்கரங்கள் நோக்கும் கோட்டை 100 மீட்டர் நீட்டினால், அது அரை மீட்டர் விலகிப் போகிறது. குறுகிய மலைத்தடத்தில் அரை மீட்டர் என்பது தடத்திற்கும் பள்ளத்திற்கும் உள்ள தூரமாக இருக்கலாம். இவ்விலகலை ஓட்டுநர் ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே செல்ல நேர்கிறது.

நடுப்போல்ட் முறிந்தாலும் யு-போல்ட் தளர்ந்தாலும் இதே கோணல் தோன்றும். ஆகையால் அவற்றையும் உடன் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

எந்த வேலையையும் விட உயிர் பெரிது. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்கும் கருவி. தாங்கும் கருவி அன்று. ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையலாகாது. செங்கல், ஓட்டை விழுந்த சிமெண்டுக் கல் முதலியவற்றை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உரிய எஃகு ஸ்டாண்டுகளையே உபயோகிக்க வேண்டும்.

வில்லிஸ் வகை ஜீப்பைக் கையாள்வோர் அறியவேண்டிய ஓர் அபாயம் உண்டு. அவ்வண்டியில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கியர்பெட்டியின் பின்புறத்தில் அமைந்து, பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தியவுடன், டிபரென்ஷியலின் இயல்பினால், தண்டு நின்றிருக்கும்போதே தரையிலுள்ள சக்கரம் ஒரு திசையிலும் தொங்கும் சக்கரம் எதிர்த்திசையிலும் சுழல இயலும். கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழலாம். ஆகவே தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைப்பதனை எந்த வண்டியிலும் தவறவிடலாகாது.

மாற்றும் முறை

முதல் நாளே போல்ட்டுகளையும் நட்டுகளையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துருவில் ஊடுருவும் எண்ணெயை நட்டுகளின் மரையில் இட்டுவைத்தால் மறுநாள் வேலை பாதியாகக் குறையும். புதிய புஷ்களுடன் புதிய போல்ட்டுகளையும் நட்டுகளையும் வாங்கிவைத்தல் நலம். ஓர் அச்சின் இரு பக்கங்களையும் ஒரே சமயத்தில் புதுப்பிக்க வேண்டும். ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருப்பின் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எனினும் கழற்றும்போது ஒரு வில்லின் ஒரு முனையை மட்டுமே கழற்றி, அதனை முடித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். அப்போதுதான் மற்ற இணைப்புகள் அச்சை அதன் இடத்தில் பிடித்திருக்கும். இம்முறையில் யு-போல்ட்டுகளைக் கழற்றவேண்டிய தேவை எழுவதில்லை.

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முட்டுக்கட்டைகளை வைத்து, சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பின்னர் வண்டியை உயர்த்தி, ஸ்டாண்டுகளைச் சட்டத்தின் கீழ் வைக்க வேண்டும். அச்சின் கீழ் வைத்தலாகாது. சக்கரத்தைக் கழற்றிய பின், மற்றொரு ஜாக்கியை அச்சின் கீழ் வைத்து, வில் தொங்காமலும் அமுங்காமலும் இருக்குமாறு அச்சைத் தாங்க வேண்டும். ஷாக்கிள் கையால் தள்ளினாலே அசையும் நிலைதான் சரியான நிலை. அப்போது போல்ட்டின்மேல் பாரம் இல்லை என்று பொருள். பாரம் இருக்கும்போது போல்ட்டை அடித்து வெளியேற்றினால் வில் துள்ளி விரலை நசுக்கும். அச்சை இறக்கும்போதெல்லாம் பிரேக் குழாய் இழுபடாதவாறு கவனிக்க வேண்டும்.

போல்ட் உட்குழாயுடன் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள சந்தில் இரும்பறுக்கும் வாளைக் கொடுத்து அறுத்து எடுப்பதே முறை. சில பட்டறைகளில் காஸ் நெருப்பினால் ரப்பரை எரித்து எடுக்கின்றனர். இது மூன்று வகையில் தீங்கானது. ரப்பர்ப் புகை நச்சுத்தன்மை உடையது. அருகிலுள்ள பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தீப்பற்றலாம். மிகுந்த சூட்டினால் வில் எஃகின் பதம் கெட்டு, கண் பின்னர் முறிந்துவிடலாம்.

இரு பாதிகளாலான புஷ்ஷைக் கையால் இழுத்தே எடுத்துவிடலாம். வெளிப்புறத்தில் எஃகு உறையுடைய புஷ்ஷை அழுத்தித் தள்ள வேண்டும். இதற்கு எளிய கருவியைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். நீண்ட மரைக்கம்பி ஒன்றைப் புஷ்ஷின் நடுவே செலுத்தி, ஒரு புறத்தில் புஷ்ஷின் உறையைவிடச் சிறிது குறைந்த விட்டமுள்ள வட்டையும், மறுபுறத்தில் புஷ் நுழையும் அளவு அகன்ற இரும்புக் குழாய்த் துண்டும் வைத்து நட்டை முறுக்கினால், புஷ் கண்ணிலிருந்து நகர்ந்து குழாய்க்குள் வந்துவிடும். நட்டின் சுற்று சிறு விசையைப் பெருவிசையாக மாற்றுவதனை ஆசிரியர்கள் இங்குச் சுட்டிக்காட்டலாம். அதற்கும் அசையாத உறையை உட்புறத்திலிருந்து நீளவாக்கில் வாளால் அறுத்துத் தளர்த்தலாம். வாள் கண்ணின் எஃகைத் தீண்டலாகாது.

புஷ் வெளிவந்ததும் கண்ணின் உட்புறத்தைத் துலக்கி, அது வட்டமாக உள்ளதா, வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். முட்டை வடிவில் தேய்ந்த கண்ணில் புதிய புஷ் நிலைக்காது. வெடித்த கண்ணுடன் வண்டியை ஓட்டவே கூடாது. இவ்விரு நிலைகளிலும் முதற்பட்டையையே மாற்ற வேண்டும். கண்ணைப் பற்றவைத்துச் சரிசெய்தல் தகாது.

புதிய ரப்பர்ப் புஷ்ஷை நுழைப்பதற்குச் சோப்பு நீரே போதும். அது பின்னர் உலர்ந்துவிடும். உறையுடைய புஷ்ஷை அழுத்தும்போது விசை வெளியுறையின்மேல் மட்டும் விழ வேண்டும். நடுக்குழாயை அழுத்தினால் ரப்பர் பிய்ந்துவிடும். உட்குழாய் கண்ணின் இரு புறமும் சமமாக நீண்டிருக்க வேண்டும். போல்ட்டின் தண்டில் துருத்தடுப்புப் பசையை ரப்பரில் படாதவாறு மெல்லியதாகப் பூசி, தாங்கியில் செலுத்தி, நட்டைக் கைவிரல் வலிவினால் மட்டும் முறுக்கி நிறுத்த வேண்டும். முழுவதும் இறுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

இறுதியாக இறுக்குதல்

இவ்வேலையின் உயிர்நிலை இதுவே. புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிட்டதெனில், பெரும்பாலும் பொருள் மட்டமாக இருந்ததென்று கருதுகின்றனர். பல சமயங்களில் காரணம் வேறு. வில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை இறுக்கியதுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். அச்சிலிருந்து கண் வரையுள்ள தூரம் 50 சென்டிமீட்டர் எனவும், வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது அச்சு தன் இயல்பான நிலையைவிட 10 சென்டிமீட்டர் கீழே தொங்குகிறது எனவும் கொள்வோம். வில்லை ஒரு நேர்க்கோலாகக் கருதினால், கண் திரும்பும் கோணம் 10-ஐ 50-ஆல் வகுத்த 0.2 ரேடியன், அஃதாவது ஏறத்தாழ பதினொன்றரைப் பாகை. வில் வளைவதனால் உண்மைக் கோணம் இன்னும் சற்று மிகும். ரப்பரின் சராசரி ஆரம் 11 மில்லிமீட்டர், தடிமன் 6 மில்லிமீட்டர் எனில், ரப்பரின் ஒரு முகம் மறுமுகத்தைவிட 11-ஐ 0.2-ஆல் பெருக்கிய 2.2 மில்லிமீட்டர் நகர்கிறது.

தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால், அந்நிலையில்தான் ரப்பர் முறுக்கமின்றி இருக்கும். வண்டியைத் தரையில் இறக்கியவுடன் 2.2 மில்லிமீட்டர் முறுக்கம் ஏற்பட்டு, நிற்கும்போதும் ஓடும்போதும் நீங்காமல் நிலைத்துவிடும். மேடு ஒன்றின்மேல் சக்கரம் ஏறி மேலும் 10 சென்டிமீட்டர் உயரும்போது முறுக்கம் 4.4 மில்லிமீட்டராகிறது. இது ரப்பரின் தடிமனில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மாறாக, வண்டி தன் முழுப்பாரத்துடன் தரையில் நிற்கும்போது இறுக்கினால், ரப்பர் நடுநிலையில் ஓய்வாக இருக்கும்; மேடு பள்ளங்களில் இருபுறமும் 2.2 மில்லிமீட்டர் மட்டுமே முறுக்கப்படும். அதே ரப்பர், அதே போல்ட், அதே சாலை. இறுக்கிய தருணம் ஒன்றே வேறுபாடு.

ஆகையால் சக்கரத்தைப் பூட்டி, ஸ்டாண்டுகளை நீக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமாக ஏற்றும் சாமான்களை ஏற்ற வேண்டும். வண்டியின் முனையை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, வில் தன் இயல்பான நிலையை அடைந்த பின்னர், முறுக்குவிசையைக் காட்டும் ஸ்பேனரினால் கைந்நூலில் குறித்த அளவுக்கு நட்டுகளை இறுக்க வேண்டும். அடியில் புக இடம் போதாதெனில், சக்கரங்களைப் பள்ளமுடைய பட்டறைத் தளத்தின் இருபுறமும் நிறுத்தியோ, உறுதியான சாய்தளங்களின்மேல் ஏற்றியோ செய்யலாம். பாரம் சக்கரங்களின்மேல் இருத்தலே கருத்து. உலோக மரைப்புஷ்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றை ஷாக்கிள் தாராளமாக ஆடுமாறு நிறுத்திக் கிரீஸ் செலுத்த வேண்டும்.

பின்னர் வெறும் சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சோதித்து, சக்கர மையங்களின் அளவை மீண்டும் எடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் யு-போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்து, வேலை நடந்த நாளையும் ஓடிய தூரத்தையும் வண்டியின் பதிவேட்டில் எழுதிவைத்தல் நன்று.

சுருள்வில் வண்டிகள்

புதிய வண்டிகள் பலவற்றில் பட்டை வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில் இடம்பெற்றுள்ளது. 2020-இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியின் பின்னச்சும் இவ்வாறானதே. சுருள்வில் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பிடித்திருப்பவை தனித்தனி இணைப்புக் கைகள். அக்கைகளின் இரு முனைகளிலும் புஷ்கள் உள்ளன. முறுக்கத்தைப் பற்றிய விதியும், தரையில் நிற்கும்போது இறுக்கும் விதியும் இவற்றிற்கும் மாறாமல் பொருந்தும். சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஒரு திசையில் மென்மையும் மற்றொரு திசையில் விறைப்பும் கிடைப்பதற்காகவே அவ்வாறு செய்துள்ளனர். அத்தகையவற்றைக் கழற்றுமுன் அவற்றின் திசையைச் சாயத்தால் குறித்துக்கொண்டு, புதியதனையும் அதே திசையில் பொருத்த வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

எழுத்தை அழிக்கும் பெரிய ரப்பர்த் துண்டு ஒன்றை இரு மரக்கட்டைகளின் நடுவே பசையிட்டு ஒட்டுக. அதன் பக்கத்தில் நேர்க்குத்தாக ஒரு கோடு வரைக. கீழ்க்கட்டையை அசையாமல் பிடித்து மேற்கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் கோடு சாயும், விட்டால் நிமிரும். ரப்பர் வழுக்காமலேயே அசைவுக்கு இடங்கொடுத்ததனை மாணவர் காண்பர். இப்போது மேற்கட்டையை மேலிருந்து அழுத்துக. ரப்பரின் பக்கங்கள் பிதுங்கும். அப்பக்கங்களையும் விரல்களால் அணைத்து அழுத்தினால் எதிர்ப்பு மிகும். இறுதியாக, மேற்கட்டையை முன்னரே சிறிது தள்ளிய நிலையில் பிடித்துக்கொண்டு, அதே திசையில் மேலும் தள்ளுக. ஒட்டிய விளிம்பு பிரியத் தொடங்கும். தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ்ஷின் கதி இதுவே.

பயிற்சி வினாக்கள்

1. பட்டை வில்லின் இரு முனைகளையும் நிலையான போல்ட்டுகளால் பூட்டினால் என்ன நேரும்?

2. மரையிட்ட உலோகப் புஷ்ஷுக்குக் கிரீஸ் தேவை. ரப்பர்ப் புஷ்ஷுக்குக் கிரீஸ் தீங்கு. காரணம் கூறுக.

3. சுழல்தண்டைப் பிடிக்கும் கைபிரேக் உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை உயர்த்தினால் பிரேக் ஏன் பயனற்றதாகிறது? இரு பின்சக்கரங்களும் தரையில் உள்ளபோது அது எவ்வாறு வண்டியை நிறுத்துகிறது?

4. அச்சு 15 சென்டிமீட்டர் கீழே தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது மேற்கூறிய ரப்பரில் எத்தனை மில்லிமீட்டர் முறுக்கம் நிலைத்திருக்கும்?

5. அலுவலகத்திலோ அண்டையிலோ உள்ள வண்டி ஒன்றின் சக்கர மையங்களைத் தூக்குக்குண்டினால் அளந்து, இரு பக்கத் தூரங்களையும் ஒப்பிடுக. வேறுபாடு இருப்பின் அதற்குரிய காரணங்களை வரிசைப்படுத்துக.